ஆறு வரும் திசையில்

ஜூன் 8

அன்பு வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? ஆற்றங்கரைக் காற்றில் ஈரத் தலையோடு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும், இல்லை என்று எழுதி ஏமாற்றாதே. உன் முகாமில் போன் எடுக்காததும் ஒரு விதத்தில் நல்லதுதான். எடுத்த காலத்திலும் பேச ஆரம்பித்த சூட்டோடு நம்மில் ஒருத்தி கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. மாலைக் கல்லூரியில் இலக்கியம் படிக்கச் சேர்ந்துவிட்டேன். பகலெல்லாம் கடையில் கண்ணாடி வெட்டி, அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டு, சாயங்காலம் ஷட்டரை இறக்கிய கையோடு ஓடுகிறேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. பேராசிரியை என்று நினைத்துவிட்டார்கள். நானும் உடனே மறுக்கவில்லை, கொஞ்ச நேரம் அனுபவித்தேன்.

நிஜமான பேராசிரியை வந்து ஒரு கவிதையைக் கொடுத்தார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டார். பெயரைப் பார்த்தால் நாங்கள் பயந்துபோய்ப் பாராட்டிவிடுவோமாம். கேள்வி இதுதான்: "இயற்கைக் காட்சிகளைக் கொண்டு இந்தக் கவிதை மோதலை எப்படி ஆராய்கிறது?" கவிதையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நடு ஆற்றில் ஒரு கல்.
வழி விடு என்றது ஆறு.
நீ வருமுன்பே இருந்தவன் என்றது கல்.
மழைக்காலம் முழுக்க
நுரையும் இரைச்சலும்.
கரையில் நின்ற நாணல்
இருவருக்கும் தலையாட்டியது.
கோடையில் போய்ப் பார்த்தேன்.
ஆறு தெளிந்திருந்தது.
கல்,
ஆறு வரும் திசையில்
ஓரடி நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

வகுப்பில் பெரிய ரகளை. கடைசி வரி நடக்கிற காரியமே இல்லை என்கிறது ஒரு கட்சி. ஆறு தள்ளினால் கல் கீழ்ப்பக்கம்தானே போக வேண்டும், அதெப்படித் தள்ளுகிறவனைப் பார்த்தே வரும்? கவிஞருக்குத் திசை குழம்பிவிட்டது என்கிறார்கள். நான் கல்லின் பக்கம். பாவம், அது தன்பாட்டுக்குத் தன் இடத்தில் இருந்தது. ஆறுகளோடும் பாலங்களோடும் குடித்தனம் நடத்துகிற பொறியாளர் நீ. கல் அப்படி நகருமா, நகராதா? கட்டுரைக்கு வேண்டும்.

அப்பாவைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். கண்புரை முற்றிக்கொண்டு வருகிறது, இனியும் தள்ளிப்போட்டால் சிக்கல் என்று டாக்டர் மறுபடி சொல்லிவிட்டார். "எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்கிறார் அப்பா. போன வருஷம் நீ எழுதிப்போட்டு அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய வைத்தாயே, அன்றிலிருந்து உன் பேச்சு எழுந்தால் உடனே செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்கிறார். நேற்று தலைகீழாக விரித்திருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்கா,

நான் நலம். இருமல் போய்விட்டது, தலையையும் துவட்டுகிறேன், பாதி நாளாவது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மேசையை உயர்த்தி வைத்துக் கண்ணாடி வெட்டு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

நீ கல்லூரிக்குப் போவது தெரிந்ததும் இங்கே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். எங்கள் அக்கா பேராசிரியை ஆகிவிட்டாள், கொஞ்ச நேரத்துக்கு, என்றேன்.

கவிஞருக்குத் திசை குழம்பவில்லை. அவர் நிச்சயம் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறார். மணல் படுகையில் கிடக்கிற கல்லை வெள்ளம் முகத்தில் அறைகிறது. அறைந்த தண்ணீர் கீழே பாய்ந்து, கல்லின் காலடியில், அதுவும் முன்பக்கத்தில், மணலைத் தோண்டும். பள்ளம் பெரிதாக ஆக, கல்லுக்குப் பிடிமானம் போய் முன்பக்கமாகவே சாய்ந்து அந்தப் பள்ளத்தில் உட்காரும். அதாவது தண்ணீர் வருகிற திசையில். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வரும். பாலத்துத் தூண்களின் அடியிலும் ஆறு இதே வேலையைத்தான் செய்கிறது. அதைக் கண்காணிக்கத்தான் எனக்குச் சம்பளம். படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஆனால் நீ கல்லின் பக்கம் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ஆற்றின் மேல்தான் பரிதாபம். அது ஓடியே ஆக வேண்டும், நின்றால் குட்டை. முன்பிருந்தே இங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் ஒரு நியாயமா? அப்புறம், அந்த நாணலைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே. அது எதற்கு நடுவில் வந்து தலையாட்டுகிறது?

அப்பா விஷயம். எனக்கு மட்டும் ஆசையா அக்கா? நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்றவர் அவர் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பேக்கரி முனையில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்க் கம்பத்தில் காரை இடித்தபோது பக்கத்து சீட்டில் இருந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கடக்கிற இடம் அது. அன்று கம்பம் இருந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால்? அதற்குப் பிறகும் சாவியைத் தரமாட்டேன் என்றார். நான் எழுதினேன். இன்றைக்கும் எழுதுவேன்.

அறுவை சிகிச்சைக்கு மட்டும் எப்படியாவது சம்மதிக்க வை. வேளைக்குச் சாப்பிடு.

வாலு


ஜூலை 14

அன்பு வாலுக்கு,

சுகம்தானே? இங்கே சுகம். மேசையை உயர்த்திவிட்டேன், இப்போது முதுகுக்குப் பதில் தோள் வலிக்கிறது.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. உன் படத்தை அம்புக்குறியெல்லாம் போட்டு, சட்டம் போடுகிற கைப்பழக்கத்தில் ஓரம் கட்டி, பிரமாதமாக வரைந்து கொடுத்தேன். பேராசிரியை அடியில் எழுதியிருக்கிறார்: "படம் அருமை. கவிதை எங்கே?" போய்க் கேட்டேன். "கல் எப்படி நகர்ந்துச்சுன்னு நல்லா சொல்லிட்டீங்க. அதை ஏன் ஒரு சண்டைக் கவிதையோட கடைசியில கொண்டுவந்து வெச்சிருக்காருன்னு சொல்லலையே?" என்றார். பருவத்தின் முடிவுக்குள் திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று பெரிய மனது பண்ணினார்.

இப்போது என் பக்கத்து பெஞ்சில் புதிதாக ஒரு பெரியவர் வந்து சேர்ந்திருக்கிறார். முன்கோபி. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று என்னையே கவிதையைப் படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆறு வழி விடுன்னு கேட்டுச்சு, சரி. கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கில்ல? முகத்தைப் பார்த்துக் கேட்டுச்சா, முதுகுக்குப் பின்னால வந்து கேட்டுச்சா?" என்றார். ஆறுகளின் வக்கீல் நீதானே, சொல்.

டாக்டர் பேச்சை எடுத்தேன். அப்பா ரேடியோவைப் போட்டார். அறுவை செய்துகொண்டால் கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நீ சொன்னது சரி என்றும் ஆகிவிடும். அதுதான் விஷயம், கண் அல்ல. பஸ்ஸிலும் ஏற மாட்டேன் என்கிறார். ஓட்டியவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காருவதா என்று வீம்பு. வாசலைத் தாண்டி மாதக்கணக்காகிறது.

மழைக்கு முன்னால் ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா,

நான் நலம், நீ தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. செருப்பு வாங்கிவிட்டேன், ஒன்றை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது.

உன் பெரியவரிடம் சொல். கவிதையின் இரண்டாவது வரியை அவர் சரியாகக் கேட்கவில்லை. ஆறு எடுத்த எடுப்பில் நுரை தள்ளவில்லை. முதலில் வாய்விட்டுக் கேட்டது. கேட்டதற்குக் கல் சொன்ன பதில் என்ன? நீ வருமுன்பே நான் இருக்கிறேன். இது பதிலா அக்கா? கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

முகத்தைப் பார்த்துக் கேட்டவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் கேட்டேன், மாடிப்படியில் கேட்டேன், காருக்குள் அழுதுகொண்டே கேட்டேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்சவன்டீ நான்" என்றார். ரேடியோவின் சத்தம் கூடியது.

கவிதையில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். இதைப் பெரியவரிடம் படித்துவிடாதே, முதல் பாதியை மட்டும் படி.

இங்கே மேகம் கட்டியிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


ஆகஸ்ட் 19

அன்பு வாலுக்கு,

நாங்கள் நலம். உனக்கு ஒற்றைச் செருப்போடு எப்படிப் போகிறது? இதோடு இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், ஆற்றுக்கு ஒன்று உனக்கு ஒன்று.

போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி. சண்டையைப் பற்றி எழுத வந்தவர் ஏன் இரண்டு மனிதர்களை வைத்து எழுதவில்லை, ஏன் கல்லையும் ஆற்றையும் வைத்தார்? ஆளுக்கொன்று சொன்னார்கள். அழகுக்காக என்றாள் ஒருத்தி. நான் கையைத் தூக்கினேன். மனிதர்களை வைத்திருந்தால் மூன்றாவது வரிக்குள் ஒருத்தனைக் கெட்டவனாக்கி விடுவோம், கல்லாக இருப்பதற்காகக் கல்லைத் திட்ட முடியுமா, ஓடுவதற்காக ஆற்றைத் திட்ட முடியுமா என்றேன். பேராசிரியை கரும்பலகைப் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "இதை எழுதுங்க" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தரையில் கால் படவில்லை.

பெரியவரிடம் உன் பதிலைப் படித்தேன். நீ படிக்க வேண்டாம் என்றதையும் படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாலைந்து நாள் கழித்துத் தானாகவே கேட்டார், "கல்லுல மோதினா தண்ணிதானே சிதறும்? அப்ப ஆத்துக்கும் அடி பட்டிருக்கும்ல?"

இன்னொன்றும் சொன்னார். "ராத்திரி ரோட்டுல எதிர்ல வண்டி வந்தா லைட்டை இறக்கிக் காட்டணும். நாம இறக்கினா அவனும் இறக்குவான். ரெண்டு பேரும் வீம்பு பிடிச்சா ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியாது. அந்தக் கவிதையில யாரு முதல்ல லைட்டை இறக்கினது, அதைக் கேட்டு எழுது" என்றார்.

உடனே பதில் போடு. சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை பார்க்காதே.

அக்கா


செப்டம்பர் 24

அன்பு வாலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. என் கடிதம் வந்ததா? அந்தப் பக்கம் வெள்ளம் என்று செய்தியில் சொல்கிறார்கள். உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன், எல்லோரும் பத்திரம் என்றார்கள். யாரோ சொல்வது எனக்கு எதற்கு, உன் கையெழுத்தில் வேண்டும்.

கட்டுரை ஒரு வரி நகரவில்லை. கடையில் நேற்று ஒரு பெண்ணின் படத்துக்கு இன்னொரு பெண்ணின் சட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பெரியவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார், தபால்காரர் தலை தெரிகிறதா என்று தினமும் என்னைக் கேட்கிறார்.

இரண்டு வரி போதும். கோபமாக இருந்தாலும் சரி, கோபத்தையே எழுது.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

நான் நலம், ஒரு கீறல் இல்லை. நீ பயந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும், மன்னித்துக்கொள்.

வெள்ளம் வந்தது உண்மை. இங்கே பாலத்தின் ஒரு தூணுக்கு அடியில் ஆறு மணலைத் தோண்டிவிட்டது. பாலத்தை மூடச் சொல்லி எழுதியவள் நான்தான். இரண்டு கரையும் சேர்ந்து என்னைத் திட்டியது. பஸ் சுற்றிப் போகிறது, சந்தைக்குப் போக முடியவில்லை, பாலம் நன்றாகத்தானே நிற்கிறது என்றார்கள். மழையில் நின்று ஒவ்வொரு டிரைவரிடமும், ஒவ்வொரு கடைக்காரரிடமும் நானே போய் ஏன் என்று விளக்கினேன். எழுதிப்போட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு மழையில் நின்று சொன்னேன். அப்பாவுக்கு மட்டும் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் சொன்னது. நான் செய்தது தப்பில்லை அக்கா, அதில் மாற்றமில்லை. அவரிடம் நேரில் போய், "எழுதிட்டேம்பா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. பக்கத்து பெஞ்சுப் பெரியவர் உன் வீட்டு வாசலில் தபால்காரருக்காக ஏன் உட்கார்ந்திருக்கிறார்?

ஆகஸ்ட் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்ல வண்டி வந்தா லைட்டை இறக்கிக் காட்டணும், நாம இறக்கினா அவனும் இறக்குவான். நான் முதல் முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த அன்று பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது இது, ஒரு வார்த்தை மாறவில்லை. படித்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதேன். வெள்ளம் வருவதற்கு முன்பே உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. வெள்ளத்தைச் சாக்காகச் சொல்லலாம், சொல்லப்போவதில்லை.

நான் கண்டுபிடித்ததை அவரிடம் சொல்லாதே. அவர் பெஞ்சிலேயே இருக்கட்டும். இதை மட்டும் படித்துக் காட்டு: ஆமாம், ஆற்றுக்கும் அடிபட்டது. அந்த நுரையெல்லாம் அதுதான்.

உன் தோள் எப்படி இருக்கிறது?

வாலு


அக்டோபர் 30

அன்பு வாலுக்கு,

நாங்கள் நலம், முன்னைவிட நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தோளுக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்த அன்று அப்பாதான் அதைத் தபால்காரரிடம் வாங்கினார். உறையைத் தடவிப் பார்த்தே உன்னுடையது என்று கண்டுபிடித்துவிட்டார், இவ்வளவு பசை வேறு யார் தடவுவார்கள். "படி" என்றார். சந்தோஷத்தில் கடகடவென்று படித்துக்கொண்டு போனேன். பெஞ்சுப் பெரியவர் வாசலில் என்ன செய்கிறார் என்ற இடம் வரைக்கும் வாய் நிற்கவில்லை. படித்து முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அப்பா மெதுவாகக் கேட்டார், "அப்ப நான் பெஞ்சுல இருந்து எந்திரிச்சிரலாமா?"

அந்தப் பெஞ்சு அவர் போட்ட நிபந்தனை வாலு. சாயங்காலம் நான் உரக்கப் படித்துப் பழகும்போது ரேடியோவின் சத்தத்தை அவராகவே குறைத்தார். கருத்தும் சொன்னார். "ஆனா நான் சொன்னேன்னு அவளுக்கு எழுதக் கூடாது" என்றார். வேறு யார் சொன்னதாக எழுதுவது? அதனால்தான் அவரைக் கல்லூரியில் சேர்த்தேன்.

மிச்சத்தையும் படிக்கச் சொன்னார். "எழுதிட்டேம்பா" என்ற இடத்தை மட்டும் மறுபடி ஒரு முறை கேட்டார். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் டீயைக் குடித்துக்கொண்டே, "அந்தக் கண் டாக்டர் என்னைக்கு இருப்பாரு?" என்றார்.

கடை வேனில் அழைத்துப் போனேன். ஒரு கண் முடிந்துவிட்டது. நல்லபடியாக இருக்கிறது, இன்னொன்று பிறகு. கட்டை அவிழ்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அவர் முதலில் கேட்டது அந்தக் கவிதையை. தானே படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல நாணல்னு ஒண்ணு இருக்கே. நீ படிச்சப்ப அது இல்லையே?"

உனக்கும் நான் பதில் எழுதவில்லை, நீ ஜூனிலேயே கேட்டாய். அவருக்குப் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடுவேன். கரையில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டுவது யாரென்று எனக்குத் தெரியும். உன்னிடம் நீ செய்தது சரி என்பேன், அவரிடம் பாவம் நீங்கள் என்பேன். அந்த வரியை வாய்விட்டுப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். கடைசிப் பத்தி இது: "கல்லும் ஆறும் சமாதானம் ஆகிவிட்டதாகக் கவிதை சொல்லவில்லை. கல் இன்னும் நடுவில்தான் இருக்கிறது, ஆறு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்றும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து பார்த்தால் இருவருக்கும் நடுவே இருந்த தூரம் ஓரடி குறைந்திருக்கிறது. அடித்த அடியேதான் அதைக் குறைத்திருக்கிறது."

நீ எப்போது வருகிறாய்? குளிருக்குப் போர்வை இருக்கிறதா?

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்கா,

நலம். போர்வை இரண்டு இருக்கிறது. அப்பாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறாயா? கண்ணைக் கசக்க விடாதே, அவர் கசக்குவார்.

உன் கடைசிப் பத்தியை முகாமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் மேஸ்திரி, "உங்க அக்காவுக்கு நம்ம தூண் கதை எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

நாணல் விஷயத்தில் நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. நாணல் முளைத்த கரையை ஆறு அவ்வளவு சுலபமாக அரித்துக்கொண்டு போகாது, அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலே தலை எந்தப் பக்கம் ஆடினால் என்ன? நாங்கள் இரண்டு பேரும் மோதிக்கொண்ட இந்த ஒரு வருஷமும் கரை உடையாமல் இருந்ததே, அது யாரால்? இதைக் கட்டுரையில் சேர்க்காதே, மறுபடி படம் எங்கே கவிதை எங்கே என்பார்கள்.

தூணின் காலடியில் கல் அடுக்கி முடித்துவிட்டோம். டிசம்பர் பத்தாம் தேதி பாலம் திறக்கிறது. முதல் பஸ் காலையில் இந்தப் பக்கம் வரும். அதுவரை எனக்கு விடுமுறை கிடையாது. பத்தாம் தேதிக்குப் பிறகு நான் வருகிறேன். வாசலில் வந்து நிற்பேன். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டாலும் சரி, நின்றுகொண்டிருப்பேன். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. பாலத்தை நம்பி ஏறச் சொல்லி ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவளுக்கு, நம் வீட்டு வாசற்படி ஏறத் தைரியம் வரவில்லை.

இதை அவரிடம் படித்துக் காட்டுவாயோ, அவரே படிப்பாரோ. எப்படியானாலும் சரி.

வாலு


டிசம்பர் 2

சின்னவளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் அது கண்ணால் இல்லை, எழுதிப் பழக்கம் விட்டுப் போனதால். வழக்கமாக உன் அக்கா எழுதுவாள். இந்த ஒன்றை நானே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

அவள் கட்டுரைக்கு வகுப்பிலேயே முதல் மார்க். கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கேட்டால் மாட்டவில்லை, காய வைத்திருக்கிறேன் என்கிறாள். லைட்டை இறக்குகிற விஷயம் அதில் இல்லை. நான் சொன்னதை விட்டுவிட்டாள். நேரில் கேட்க வேண்டும்.

கண்ணாடி போட்ட மறுநாள் நடந்தே பேக்கரி முனை வரைக்கும் போனேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஓரமாக நின்று பார்த்தேன். அங்கே அத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தினமும் அந்த வழியாகத்தான் ஓட்டினேன், நாலைந்து பேர் கடப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் முழுக்கப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கார் சாவியை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

வாசலில் வந்து நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். பத்தாம் தேதி முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டைக் கேட்டு வாங்கினேன். அவன் எப்படி ஓட்டுகிறான் என்று பார்க்க வேண்டும், நீ கட்டிய காலடி எப்படித் தாங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். குலுங்கினால் அங்கேயே சொல்லிவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பஸ் நிற்கிற இடத்தில் இரு. பக்கவாட்டில் வந்து நிற்காதே. இன்னும் ஒரு கண்தான் ஆகியிருக்கிறது, இடது பக்கம் இன்னும் மங்கல். நேர் எதிரே வந்து நில். அப்போதுதான் உன் முகம் நன்றாகத் தெரியும்.

தலையைத் துவட்டிக்கொள்.

அப்பா